நீலம் ஏறிய துவக்கு

அத்தானின் துவக்கில் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது அதன் நிறம். பார்த்தவர்கள் எல்லாரும் வடிவு என்று சொன்ன நிறம் அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிறம்ரனில் அக்கா வீட்டு கராஜில், பழைய குளியல் துவாய் ஒன்றை மேசையில் விரித்து அதன்மேல் துவக்கைக் கிடத்தியிருந்தார் அத்தான். மரக்கட்டையைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருந்தார். துவாயின்மேல் கிடந்தது இரும்பு மட்டும். நீளமான குழல், அதன் அடியில் திருகி ஏற்றிய ரிசீவர்.

"எப்பிடி மச்சாள், கிழவியின்ர மேனி?" என்றார், துவக்கைத் தடவியபடி.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். ட்றக் ஓட்டுகிறார். அவரோடு வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். இரண்டு வருடமாக அவர்களுடைய படங்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசன்ஸ் எடுத்திருந்தார். புதுத் துவக்கு அவருக்கு வேண்டாம். பழைய இராணுவத் துவக்குத்தான் வேண்டும். ஏதோ ஒரு நாட்டுப் படைக்காகச் செய்து, யுத்தம் முடிந்ததும் தேவையில்லை என்று கழித்து, தடித்த கிறீஸ் பூசிப் பெட்டியில் அடைத்து, பல கை மாறிக் கனடாவுக்கு வந்தது அது. வரும் சனிக்கிழமை அதோடு அவருடைய முதல் வேட்டை.

நான் குனிந்து பார்த்தேன். குழலுக்கு அருகே ரிசீவரின் முன்வளையம் கடும் நீலமாக இருந்தது. பின்னால் வர வர அது ஊதாவாகி, கபிலமாகி, வால்பக்கத்தில் வைக்கோல் மஞ்சளில் முடிந்தது. வானவில்லை ஒரு பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

உலோகவியல் படித்த எவருக்கும் இந்த வரிசை மனப்பாடம். துலக்கிய உருக்கைச் சூடாக்கினால் முதலில் மஞ்சள் வரும், பிறகு கபிலம், ஊதா, நீலம். ஒவ்வொரு நிறமும் ஒரு சூடு. அந்தத் துவக்கின் மேனியில் எனக்குத் தெரிந்தது வடிவு அல்ல. யாரோ ஒருவர் அதன் ஒரு முனையை நெருப்பில் பிடித்திருக்கிறார் என்ற செய்தி.

"உதை ஆர் சூடாக்கினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சூடாக்கேல்லை. வாங்கேக்கையே உப்பிடித்தான்."

"ஒரு பக்கம் மட்டும் நெருப்பில இருந்திருக்கு அத்தான்."

"இஞ்சேர், இஞ்சை வந்து பார்! உன்ர தங்கச்சி வந்து பத்து நிமிசம் ஆகேல்லை, விசாரணை தொடங்கிட்டாள்." என் கையைக் காட்டினார். "உந்த இரும்பு மோதிரத்தைப் போட்ட நாளில இருந்து ஊரில இருக்கிற இரும்பெல்லாம் தன்ர சொத்து எண்டு நினைக்கிறாள்."

இந்த நாட்டில் பொறியியல் படித்து முடிப்பவர்கள் சுண்டுவிரலில் ஒரு இரும்பு மோதிரம் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அக்கா இங்கே வந்து பள்ளிக்கூடம் முடிக்காமலே வெயார்ஹவுஸ் வேலைக்குப் போனவள். அந்த மோதிரத்தை நான் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை நான் மறைப்பதுமில்லை. அதனால் அத்தானின் பகிடிக்கு நான் சிரிக்கவில்லை.

கராஜின் மறுமூலையில் அப்பா மீன் பொரித்துக்கொண்டு நின்றார். அம்மா போன பிறகு அப்பா அக்கா வீட்டில்தான் இருக்கிறார். வீட்டுக்குள் பொரித்தால் மணக்கும் என்று பெரிய காஸ் அடுப்பொன்றை கராஜில் வைத்திருக்கிறார்கள், இங்கே பல தமிழ் வீடுகளில் இருக்கிற மாதிரி. அது அப்பாவின் இராச்சியம். நான் இப்போதும் இருக்கிற ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் பல வருடம் நின்ற மனிதர் அவர்.

"பிள்ளை, மீன் ஆறப்போகுது. விட்டிட்டு வந்து சாப்பிடு," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் சாப்பிட்டேன். மனம் மட்டும் மேசையிலேயே நின்றது.

ரிசீவர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தோட்டா போய் உட்காரும் இடத்துக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கூடு அது. போல்ட் என்ற உருளை அதற்குள் ஓடித் தோட்டாவைத் தள்ளி, திரும்பிப் பூட்டும். போல்ட்டின் தலையில் இரண்டு காதுகள் இருக்கும். அவை முன்வளையத்துக்குள் வெட்டியிருக்கும் இருக்கைகளில் போய்க் கொளுவிக்கொள்ளும். சுடும் கணத்தில் எழும் அமுக்கம் குண்டை முன்னால் தள்ளுகிற அதே பலத்தோடு போல்ட்டைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்குவது அந்த இரண்டு காதுகளும் அந்த வளையமும்தான். பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம்.

அந்தக் காலத்து ரிசீவர்கள் பலவற்றைக் காபன் குறைந்த உருக்கில் அடித்துச் செய்து, பிறகு கரிக்குள் புதைத்துச் சூடாக்கி, வெளித்தோலை மட்டும் கடினப்படுத்துவார்கள். வெளியே தேயாத கடினம், உள்ளே உடையாத இளக்கம். நல்ல யோசனைதான். ஆனால் உலையின் சூட்டை ஒழுங்காக அளக்கக் கருவியில்லாத இடங்களில் தொழிலாளர்கள் இரும்பு ஒளிரும் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தார்கள். முகில் மூடிய நாளில் அது ஒரு மாதிரித் தெரியும், வெயில் நாளில் இன்னொரு மாதிரி. அளவுக்கு மேல் சூடேறிய சில ரிசீவர்கள் பிற்பாடு கண்ணாடி போலத் தெறித்திருக்கின்றன. பிறகு எவராவது கண்டபடி சூடாக்கினால் எதிர்ப் பிழையும் வரும். கடினம் போய் இளகிவிடும். அப்போது அது தெறிக்காது. காதுகள் குந்தும் இருக்கை ஒவ்வொரு தரம் சுடும்போதும் மயிரளவு பின்வாங்கும். ஒருநாள் தோட்டாவின் பின்பக்கம் பிளந்து, எரியும் வாயு சுடுகிறவரின் கண்ணைத் தேடி வரும்.

நீலம் மட்டும் என்றால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நீலத்துக்கு முந்நூறு பாகை போதும், அது அந்த வளையத்தை அடியோடு கெடுத்துவிடாது. ஆனால் நீலம் கடைசியாகப் போட்ட சட்டை. அதற்கு முன் என்ன போட்டிருந்தது என்று அது சொல்லாது. முதலில் சிவக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, தேய்த்துத் துலக்கி, பிறகு நீலம் ஏற்றியிருந்தாலும் இதே வடிவுதான் வரும்.

அடுத்த நாள் மிசிசாகாவில் வேலைக்கு நடுவே கைத்தொலைபேசியை எடுத்து எங்கள் குடும்பக் குழுவில் பழைய படங்களைத் தேடினேன். உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் நான் வேலை செய்கிறேன். உடைந்து வரும் துண்டுகளைப் பார்த்து ஏன் உடைந்தது என்று எழுதுவது என் தொழில். துண்டுகளைக் கொண்டுவருபவர்கள் சொல்கிற எதையும் முதலில் நம்பக்கூடாது என்பது அங்கே நான் பழகிய முதல் பாடம். அத்தான் துவக்கை வாங்கிய அன்று பெருமையோடு அனுப்பிய படம் கிடைத்தது. கிறீஸ் அப்பிய மங்கிய சாம்பல் இரும்பு. நீலம் எங்கும் இல்லை.

ஆக, வாங்கும்போதே அப்படி என்பது பொய்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு அழைத்தேன்.

"அத்தான், கிறீஸை என்னத்தால எடுத்தனீங்கள்?"

"சுடுதண்ணியால."

"சுடுதண்ணி நூறு பாகைக்கு மேல போகாது. நீலம் வராது."

"உங்கட ஸ்காபரோத் தண்ணிக்கு வராது. பிறம்ரன் தண்ணிக்கு வரும்." சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் அவசரமாக வந்தது. "மச்சாள், நான் ஹைவேயில நிக்கிறன். பேந்து கதைக்கிறன்."

பேந்து அவர் கதைக்கவில்லை. நான் இரண்டு தரம் எடுத்தும் மறுமொழி இல்லை. சந்தேகம் ஒருமுறை புகுந்தால் அது எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும். வெடிப்பு ஏதும் இருந்து அதை ஒட்டுப் போட்டு மறைத்தாரோ? கூட்டாளிகளுக்கு வடிவு காட்ட வேண்டும் என்று யாரிடமாவது கொடுத்துச் சூடாக்கினாரோ? அப்படியென்றால் சொல்வதற்கு என்ன? பொய் சொல்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

அன்று பின்னேரம் அக்கா எனக்கு அழைத்தாள். வணக்கமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை.

"உனக்கு என்ர மனுசனில என்னடி சந்தேகம்?"

"அவரில இல்லையக்கா. இரும்பில."

"இரும்பு வாய் திறந்து உனக்கு ஏதும் சொன்னதோ?"

"சொன்னது. நீங்கள் ஆக்கள்தான் சொல்லுறியள் இல்லை."

"படிச்சனி எண்டு எல்லாரையும் கூண்டில ஏத்தாதை. நானே ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு அடிச்ச புகையில கராஜில தொங்கின என்ர ஜக்கெற் எல்லாம் இண்டைக்கும் மணக்குது. நான் கேட்டனானோ? பிறகு நீ ஏன் கேக்கிறாய்?"

"என்ன புகை?"

அந்தப் பக்கம் சமையலறைக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, என்ன புகை?"

"மீன் பொரிச்ச புகை."

"மீன் ஒவ்வொரு கிழமையும்தானே பொரிக்கிறியள்."

"எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு," என்று வைத்துவிட்டாள்.

இப்போது இரண்டு பேர் பொய் சொன்னார்கள். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவள் யாருக்காகப் பொய் சொல்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அத்தானுக்காக என்று நினைத்தேன். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அப்பா தொலைக்காட்சியில் துவக்குச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுகிறவர். ஊரில் அவர் கண்டது போதும் என்று நாங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. துவக்கும் அப்பாவும் ஒரே யோசனையில் சேரவே சேராது.

துவக்கை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர எங்கள் இடத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே மேற்பார்வையாளரிடம் கேட்டு அரக் கட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். ஆறு அரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடினம், பிடியில் ஒவ்வொரு நிறம். அரத்தைவிட இரும்பு கடினம் என்றால் அரம் வழுக்கும். இளக்கம் என்றால் கடிக்கும். ஆய்வுகூட இயந்திரம் போல நுணுக்கமாகச் சொல்லாது, ஆனால் பொய் சொல்லாது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேரே பிறம்ரனுக்குப் போனேன். சொல்லாமல் போனேன்.

கராஜ் கதவு திறந்திருந்தது. அப்பா அடுப்பு மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அத்தான் துவக்குக் கட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"பொலிஸ் வந்திட்டுது," என்றார்.

"அஞ்சு நிமிசம் தாங்கோ அத்தான். பிழை இல்லையெண்டால் நானே மன்னிப்புக் கேக்கிறன். உங்கட கூட்டாளியளுக்கு முன்னால வேணுமெண்டாலும் கேக்கிறன்."

அந்தக் கடைசி வசனம் வேலை செய்தது. மேலே போய்ப் பூட்டிய பெட்டியிலிருந்து போல்ட்டை எடுத்து வந்தார். துவக்கைப் போல்ட்டோடு வைப்பதில்லை, அதைத் தனியே பூட்டி வைப்பேன் என்று வகுப்பில் படித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். அதாவது, அந்த வீட்டில் நடந்த எதுவும் போல்ட்டுக்கு நடக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு அது போதும்.

முதலில் போல்ட்டின் காதில் ஒரு நடுத்தர அரத்தை வைத்து அழுத்தினேன். கண்ணாடியில் நகம் வைத்த மாதிரி வழுக்கியது. பிறகு ரிசீவரின் வால்பக்கம், மரக்கட்டைக்குள் மறையும் இடம். அங்கேயும் வழுக்கியது. அத்தான் பெருமூச்சு விட்டார்.

"பாத்தியோ?"

"இன்னும் இருக்கு."

முன்வளையத்தின் அடிப்பக்கத்தில் அதே அரத்தை வைத்தேன். கடித்தது. நீலத்துக்குள் ஒரு வெள்ளிக் கோடு விழுந்தது. அடுத்த இளகிய அரத்தை எடுத்தேன். அதுவும் கடித்தது. ஆறு அரங்களிலும் ஆக இளகியதை எடுத்தேன். என் கை அதை நம்ப விரும்பவில்லை, அதனால் இன்னொரு இடத்தில் வைத்தேன். கடித்தது. துவாயில் இரும்புத் தூள் விழுந்தது. ரிசீவரின் நடுவில் நடுத்தர அரம் கடித்தது, இளகியது வழுக்கியது.

தொழிற்சாலை விட்ட பிழை இப்படிப் படியிறங்கி வராது. வாலில் கடினம், நடுவில் கொஞ்சம் குறைவு, எல்லாவற்றையும் தாங்க வேண்டிய முன்வளையத்தில் ஒன்றுமில்லை. நெருப்பு எங்கே இருந்தது என்று இரும்பே கோடு கீறிக் காட்டியது. தொலைபேசி வெளிச்சத்தில் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன். காதுகள் குந்தும் இருக்கையின் மூலையில், தேய்க்கும் கை எட்டாத இடத்தில், சாம்பல் செதில் உரிந்துகொண்டு நின்றது. இரும்பு சிவக்காமல் அவ்வளவு தடிப்பான செதில் வராது.

"இதைச் சிவக்கச் சூடாக்கியிருக்கு," என்றேன். "நீங்கள் இதைச் சுட்டால் முதல் சூட்டில ஒண்டும் நடக்காமல் போகலாம். பத்தாவதில உங்கட கண் போகலாம். ஆர் செய்தது?"

அத்தான் அப்பா நின்ற பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"சரி, நான்தான்."

"எதில?"

"ஓவனில. கிறீஸ் உருகட்டும் எண்டு."

"வீட்டு ஓவனுக்குள்ள உவ்வளவு நீளக் குழல் எப்பிடிப் போனது?"

"கதவைத் திறந்து வைச்சிட்டு…"

"கதவு திறந்த ஓவனில இரும்பு சிவந்ததோ அத்தான்?"

வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

"தம்பி, நீர் ஏன் சும்மா பொய் சொல்லுறீர்?" என்றார் அப்பா. "நான்தான் பழக்கினனான்."

"மாமா, நீங்கள் பேசாமல் இருங்கோ."

"ஏன் பேசாமல் இருக்க? நல்ல வேலைதானே செய்தனான்."

தமிழ்க் கடைகளில் புது இரும்புத் தாச்சிச் சட்டியோ தோசைக்கல்லோ வாங்குகிறவர்கள் எங்கள் சொந்தத்துக்குள் பலர். அதைப் பழக்க அப்பாவிடம்தான் கொண்டுவருவார்கள். அடுப்பில் வைத்துச் சிவக்க எரித்துக் கடை எண்ணெயைப் போக்கி, தேய்த்து, திரும்பவும் நீலம் வரும்வரை காய்ச்சி, வெங்காயத்தால் துடைத்து நல்லெண்ணெய் பூசிக் கொடுப்பார். அந்தத் தாச்சியில் பிறகு முட்டை ஒட்டாது. நான் இந்தக் காட்சியைச் சின்ன வயதிலிருந்து நூறு தரம் பார்த்திருக்கிறேன். அந்த நீலத்தையும் பார்த்திருக்கிறேன். துவக்கில் கண்டபோது எனக்கு அது பாடப்புத்தகத்தின் நிறமாக மட்டுமே தெரிந்தது.

"கட்டை இல்லை, போல்ட் இல்லை, விசையும் கழட்டிக் கிடந்தது," என்றார் அப்பா. "எனக்கு அது துவக்கு எண்டே தோன்றேல்லை. தோன்றியிருந்தால் தொட்டிருக்கமாட்டன். தம்பி மொன்றியலுக்கு லோட் கொண்டு போயிட்டார். உது கிறீஸ் வடிஞ்சு மேசையெல்லாம் நாசம். குழல் கைபிடி மாதிரி வசதியா இருந்தது. சாக்கைச் சுத்திப் பிடிச்சு வைச்சன். பாடையில வந்த கிழவியை மணவறையில இருத்தக்கூடிய மாதிரித் திருப்பிக் குடுத்தனான்."

"பிறகு ஏன் அத்தான் மறைச்சனீங்கள்?"

அத்தான் கதவை இறக்கிவிட்டுத்தான் மறுமொழி சொன்னார். போல்ட்டைக் கழற்றினால் மிச்சம் வெறும் குழாய் என்று அவர் நினைத்திருந்தார். பிறகுதான் வேலையில் ஒருவன் சொன்னானாம், சட்டப்படி அந்த ரிசீவர்தான் துவக்கு, லைசன்ஸ் இல்லாதவர் கையில் அதை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று. லைசன்ஸ் அவரிடம் மட்டும்தான் உண்டு. அப்பாவிடம் இல்லை.

"மாமாவின்ர பேர் ஒரு இடமும் வரக்கூடாது எண்டு நானும் உன்ர அக்காவும் கதைச்சனாங்கள். பொலிஸ் எண்டால் அவருக்கு எப்பிடி எண்டு உனக்குத் தெரியும்தானே. சூட்டால இரும்பு பழுதாகும் எண்டு சத்தியமா எனக்குத் தெரியாது. தெரிஞ்சால் உனக்கு முதல் சொல்லியிருப்பன்."

பாதி நம்பினேன். மற்றப் பாதியை நம்ப எனக்கு அன்று மனமில்லை. நான் கேட்டபோதே அவருக்குக் கொஞ்சமாவது உறுத்தியிருக்கும். சனிக்கிழமை தவறிப்போகும் என்று கேட்காத மாதிரி இருந்திருப்பார்.

அந்த எண்ணம் சரி என்று உடனேயே காட்டினார். "சரி, ஒண்டு செய்வம். துவக்கைப் பழைய டயர் ஒண்டில கட்டிப்போட்டு, விசையில நூல் கட்டித் தூர நிண்டு இழுப்பம். அஞ்சு தரம் சுட்டு ஒண்டும் நடக்காட்டி…"

"ஒண்டும் நடக்காது அத்தான். அதுதான் பிரச்சினை. தெறிக்கிற இரும்பெண்டால் உங்கட டயர்ச் சோதனையில பிடிபடும். இது இளகின இரும்பு. அஞ்சு சூடு சுட்டு, இன்னும் கொஞ்சம் கெடுத்துப்போட்டு, நல்லது எண்டு சொல்லி உங்கட முகத்தில கொண்டுபோய் வைப்பியள்."

"எல்லாம் உன்ர ஒரு அரம் சொல்லுதோ?"

"நானும் அதைத்தான் கேக்கிறன்," என்றார் அப்பா. குரலில் கோபம் இருந்தது. "நான் பழக்கின ஒரு தாச்சியாவது இண்டைவரைக்கும் பழுதெண்டு திரும்பி வந்ததோ?"

"தாச்சிக்கு நீங்கள் செய்யிறது சரி அப்பா. தாச்சிக்குள்ள ஒண்டும் வெடிக்கிறேல்லை."

"கடுகு வெடிக்கும்."

அத்தான் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அப்பாவும் சிரிக்கவில்லை. என் படிப்பை அவர் முதல்முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தார். பட்டமளிப்பு அன்று என்னைவிடத் தலை உயர்த்தி நடந்தவர் அவர். அந்தப் பார்வை எனக்குச் சுட்டது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத இடம் அது. விட்டால் இழப்பு அத்தானின் கண்.

அந்த இளகிய அரத்தை அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"நீங்களே வைச்சுப் பாருங்கோ. முதல் போல்ட்டில."

வைத்தார். வழுக்கியது. திரும்ப அழுத்தி வைத்தார். வழுக்கியது. பிறகு முன்வளையத்தில் வைத்தார். அரம் உள்ளே இறங்கும்போது கைக்கு அது தெரியும், வாயால் சொல்லத் தேவையில்லை. ஒரு தரம் இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விரலால் தூளைத் தொட்டுப் பார்த்தார். வால்பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, சுடேக்கை உதை எப்பிடிப் பிடிப்பீர்? பிடிச்சுக் காட்டும்."

அத்தான் கட்டையில்லாத துவக்கை எடுத்துச் சுவர்ப்பக்கம் நீட்டி, கன்னத்தில் அணைத்து, ஒரு கண்ணை மூடினார். அப்பா கிட்டப் போய் வலக்கையை விரித்தார். பெருவிரலை அத்தானின் திறந்த கண்ணுக்குக் கீழே வைத்து, சுண்டுவிரலை முன்வளையத்தை நோக்கி நீட்டினார். ஒரு சாணும் கொஞ்சமும். கையை எடுக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். வெங்காயம் வெட்டிய கை என்பதால் அத்தானுக்குக் கண்ணீர் வந்தது. அல்லது அவர் அப்படித்தான் சொன்னார்.

"உதோட நீர் போறேல்லை," என்றார் அப்பா.

"மாமா, பொடியளுக்குச் சொல்லிப்போட்டன்…"

"போறேல்லை எண்டால் போறேல்லை. என்ர மகளுக்குக் குருட்டு மாப்பிள்ளையை நான் கட்டிக் குடுக்கேல்லை."

நான் சொன்னது சரி என்று அப்பா சொல்லவில்லை. அடுப்பைப் பற்றவைத்து வெங்காயத்தை வதக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் விடுப்பு எடுத்து அத்தானோடு போனேன். நகருக்கு வடக்கே ஒரு துவக்குத் திருத்துனரின் கடை. தனியே விட்டால் அத்தான் பாதி வழியில் மனம் மாறிவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். அதை அவரிடமே சொன்னேன். "வா, வா. கைவிலங்கும் கொண்டு வா," என்றார்.

திருத்துனர் நரைத்த தாடிக்காரர். துவக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்ததும் அவருடைய புருவம் மேலே போனது. தன்னுடைய அரத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மணந்தார். நல்லெண்ணெய் மணம் அவருக்குப் பிடிபடவில்லை. இதைச் சுடக்கூடாது, திரும்பக் கடினப்படுத்தி நம்புவதும் மடத்தனம், யாரும் எடுத்துப் பாவிக்காதபடி ரிசீவரை வெட்டிவிடுவதுதான் சரி என்றார். வெட்டுவதற்குச் சட்டப்படி செய்ய வேண்டியதைத் தானே பார்ப்பதாகச் சொன்னார்.

பிறகு கேட்டார். "யார் இதைச் செய்தது?"

"நான்தான்," என்றார் அத்தான், ஆங்கிலத்தில், கண்ணிமைக்காமல். "கிறீஸை எடுக்க நெருப்பில் பிடித்தேன்."

திருத்துனர் அத்தானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். உடைந்த துண்டுகளைக் கொண்டுவந்து கதை சொல்பவர்களை நான் பார்க்கும் அதே பார்வை.

"உண்மையாகவா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம்," என்றேன். வாயில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

காருக்கு வந்து கதவை மூடியதும் அத்தான் கேட்டார். "அந்தாள் நம்பினவரோ?"

"நம்பேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. வெட்டச் சொல்லியாச்சு."

நானூற்றுநாலாம் ஹைவேயில் வாகனம் நெருக்கியது. முதல் வேட்டை போய்விட்டதே என்று எனக்கு அவரில் இரக்கமாகவும் இருந்தது.

"நாளைக்கு நான் போறன் மச்சாள்," என்றார் திடீரென்று.

"எதோட?"

"சும்மாதான். ஆராவது சமைக்கோணும்தானே. மாமா இறைச்சிக்கறித் தூள் கட்டித் தாறன் எண்டவர்."

"அங்கை ஆராவது தன்ர பழந்துவக்கைக் கையில தந்து, ஒரு சூடு சுட்டுப் பார் எண்டால்?"

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"படம் எடுத்து உனக்கு அனுப்பிறன்."

"முன்வளையத்தைக் கிட்டவா எடுங்கோ," என்றேன். "உள்பக்கமும். லைட் அடிச்சு."